“உங்க ஊட்டு வயரிங்தான் கோளாறு”

முதலில் பல்புதான் வெளுத்தது.

பட்டப்பகல். கூடத்தில் எரிந்துகொண்டிருந்த ஒற்றைக் குண்டு பல்பு திடீரென்று வெல்டிங் பட்டறை வெளிச்சம் போலக் கண்ணைக் குத்தியது. மின்விசிறி அதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தத்தோடு சுழன்றது. அடுப்பில் சாமைக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. “ஏனுங்க, என்னங்க இது?” என்று கேட்டபடி நான் கூடத்துக்கு வருவதற்குள், கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஆக்சிஜன் மிஷின் நீளமாக ஒரு கூச்சல் போட்டது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. பிறகு மிஷின் நின்றுவிட்டது.

இரவு பகலாக உறுமிக்கொண்டே இருந்த பொருள் அது. அது நின்றதும் அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

என் கணவர் பெரியண்ணன் மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். பேசவில்லை. பேசினால் மூச்சு செலவாகும் என்று அவருக்குத் தெரியும்.

அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினேன். முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்தவள் நான். கை தானாக வேலை செய்தது. பக்கத்து வீட்டு நல்லம்மாளின் வீட்டுக்காரர் ஜீப்பைக் கிளப்பினார். சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு, மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாக இறங்கினோம். கணவரின் உதடு நீலம் பூக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வெளியே என்ன இருந்தது, மழையா வெயிலா, எதுவும் நினைவில் இல்லை.

பிழைத்துக்கொண்டார். இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்கள் பதற வேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த வாரம் நான் எழுத வந்தது அவர் பிழைத்த கதையை இல்லை. அதற்குப் பிறகு எனக்கு வந்த கோபத்தை.

முதல் பதில்

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து சேந்தமங்கலத்தில் என் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டோம். வேறு மிஷின் வாங்கியாயிற்று. அந்த வருஷத்து மிளகு முழுக்க அதற்குத்தான் போனது. அது போகட்டும்.

கரண்ட் ஆபீசுக்கு நேரில் போய்ச் சொன்னேன். அங்கே இருந்த அதிகாரி வயதில் சின்னவர். மரியாதையாகவே உட்காரச் சொன்னார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு வரியில் முடித்தார்.

“உங்க ஊட்டு வயரிங்தான் கோளாறும்மா. மலை மேல எல்லாம் கண்டபடி வயர் இழுத்து வச்சுக்கறீங்க. நல்ல ஆளை வச்சு சரி பண்ணுங்க.”

“பல்பு வெளுத்துச்சுங்களே? வோல்டேஜ் ஏறுனாத்தானுங்க அப்படி வெளுக்கும்?”

“அதெல்லாம் வயரிங்னால வரும்.”

அவ்வளவுதான். எழுந்து வந்துவிட்டேன். மனசுக்குள் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. ஒருவேளை நம் வீட்டில்தான் தப்போ? சொல்கிறவர் படித்த அதிகாரி ஆயிற்றே.

அந்த ஒரு வரி எங்கள் ஊரில் என்ன செய்தது தெரியுமா? கொஞ்ச நாளாகவே ஒரு விஷயத்தை எல்லோரும் கவனித்திருந்தோம். நல்லம்மாள் மாவாட்டக் கிரைண்டரைப் போட்டால் அவள் வீட்டில் கிரைண்டர் முனகும், எங்கள் வீட்டில் பல்பு வெளுக்கும். மிஷின் கருகிய அன்றைக்கும் அவள் மாவாட்டிக்கொண்டுதான் இருந்தாள். கோளாறு லைனில் இல்லை, வீட்டுக்குள்தான் என்று அதிகாரியே சொன்னதும் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. நல்லம்மாளின் கிரைண்டர்தான் பெரியண்ணன் உயிருக்கு உலை வைத்தது என்று.

நல்லம்மாள் எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்தினாள். கிரைண்டரைச் சாக்குப் போட்டு மூடிவைத்துவிட்டு, உரலில் ஆட்ட ஆரம்பித்தாள். நானே ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அழுதாள்.

“அக்கா, நான் வேணும்னு பண்ணலீங்கக்கா. அண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் எப்படிங்கக்கா உசுரோட இருப்பேன்?”

“உன்னாலன்னு யாரு கண்ணு சொன்னது?”

“எல்லாரும் சொல்றாங்கக்கா.”

ஒரு ஆபீஸ் நாற்காலியிலிருந்து போகிற போக்கில் சொன்ன வார்த்தை, மலை மேல் ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கி உரலுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டது.

கரண்ட் வந்த நன்றி

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மலை மேல் வாழவந்தி நாடு என்று நாங்கள் சொல்லும் பகுதியில் எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்தபோது நான் பாவாடை கட்டிய சிறுமி. கம்பம் நட வந்தவர்களுக்கு ஊரே சேர்ந்து கோழி அடித்துப் போட்டது. முதல் பல்பு எரிந்தபோது பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கும்பிட்டது தப்பில்லை. ஆனால் அந்தக் கும்பிடு அப்படியே நின்றுபோய்விட்டது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டாலும், பல்பு புழு மாதிரி சிவந்து நெளிந்தாலும், “அவுங்க குடுத்ததே பெருசு” என்று சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை தவறாமல் கட்டணம் கட்டுகிறோம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. குறை சொல்வது நன்றிகெட்டத்தனம் என்று எங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ, அவர்கள் நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு மட்டும் அந்தப் பாடம் முழுசாக ஏறவில்லை. அதற்குக் காரணம் தடுப்பூசி. சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜுக்குள் எப்போதும் ஒரு வெப்பமானி இருக்கும். காலையிலும் மாலையிலும் திறந்து பார்க்க வேண்டும். பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது, அது போதும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. குழந்தைக்குப் போடுகிற மருந்து. அதனால் அளந்து பார். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அப்படியானால் என் வீட்டுக்காரருக்கு மூச்சு கொடுக்கிற கரண்டை மட்டும் நான் ஏன் அளந்து பார்க்கக் கூடாது?

குறுக்கு வழி

ஊரில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் சடையனிடம் கேட்டேன். நல்ல மனுஷன், கொஞ்சம் துணிச்சல் அதிகம்.

“அட, அது ஒண்ணுமில்லீங்கக்கா. கரண்ட் ஆபீஸ் மீட்டர் மூடியத் தொறந்து அதுலயே ரெண்டு வயர் எடுத்து ஒரு வோல்ட் மீட்டர் மாட்டிரலாம். சீலுதானே? ஒடைச்சா மறுபடியும் முறுக்கி விட்டுரலாம், தெரியாதுங்க.”

அன்று சாயங்காலம் தம்பி வீட்டில் இதைச் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்த என் கணவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

“அந்த வேலையே வேண்டாம் புள்ள.”

அவருடைய நுரையீரல் கெட்டதே கீழே ஒரு கல் உடைக்கும் கிரஷரில்தான். இளமையில் அங்கே வேலை பார்த்தார். கல் தூசியைச் சோறு மாதிரி தின்றார். அந்தக் கிரஷரில் ஒருநாள், அவரோடு வேலை செய்த ஒருவர், அணைத்துவிட்டோம் என்று நம்பி சுவிட்ச் போர்டுக்குள் கை விட்டார். கை வெளியே வரவில்லை. லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டால் வேலை நிற்கும் என்று முதலாளிதான் அவரைக் கை வைக்கச் சொன்னவர். சாவு வீட்டில் அதே முதலாளி, “அவனா கை வச்சான்” என்றார்.

“அவனோட பொண்டாட்டி ஒரு வார்த்தை பேச முடியல,” என்றார் என் கணவர். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். “முறையா பண்ணு. நம்ம கை சுத்தமா இருந்தாத்தான் நாம சத்தம் போட முடியும்.”

எனக்கு அந்த நேரத்தில் அவர் மேலும் கோபம்தான் வந்தது. முறையாக நடந்துகொள்ள வேண்டியது எப்போதும் நாங்கள்தானா? ஆனால் அவர் சொன்னபடியே செய்தேன்.

வளர்மதி

சேந்தமங்கலம் கடைவீதியில் விசாரித்ததில் வளர்மதி என்று ஒரு பெண்ணைச் சொன்னார்கள். மின் வேலைக்கு டிப்ளமோ படித்து, முறையான லைசென்ஸ் எடுத்து, ஆள் வைத்து வேலை செய்கிறவர். நாற்பது வயசு இருக்கும். வாய் நீளம். ஸ்கூட்டரில் மலையேறி வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் மெயின் போர்டைப் பார்த்து என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

“என்னங்க இது, எர்த்தே இல்ல? நர்ஸுன்னு சொன்னீங்க? ஊசிய கொதிக்க வைக்காம குத்துவீங்களா?”

திட்டி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார். பிறகு சுவரைக் காட்டி எல்லைக்கோடு போட்டார்.

“இந்த மீட்டர், அதோட சீல், அதுக்கு முன்னாடி கம்பத்துலருந்து வர்ற வயர், அந்த ஃபியூஸ், இதெல்லாம் அவுங்க சொத்து. நானும் தொடமாட்டேன், நீங்களும் தொடக்கூடாது. மெயின் சுவிட்சுக்குப் பின்னாடி உங்க சொத்து. உங்க சொத்துங்கறதுக்காக நீங்களே கை வைக்கறதும் தப்பு, அந்த சடையன் கை வைக்கறதும் தப்பு. லைசென்ஸ் இருக்கறவங்கதான் பண்ணோணும். பண்ணி முடிச்சு, சோதிச்சு, கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் தருவேன். நாளைக்கு எவனாச்சும் கேட்டா அத மூஞ்சில நீட்டுங்க.”

இரண்டு ஆட்களோடு மறுபடி வந்து வேலையை ஆரம்பித்தார். முதலில் மெயினை அணைத்தார். டெஸ்டரை உயிருள்ள ஓர் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொண்டார். பிறகு வேலை செய்யப்போகிற கம்பிகளில் கரண்ட் இல்லை என்று பார்த்தார். பார்த்துவிட்டு டெஸ்டரையே மறுபடியும் சோதித்தார்.

“எதுக்குங்க ரெண்டு தடவை?”

“நடுவுல டெஸ்டரே செத்துப்போயிருந்தா? அப்புறம், ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. மெயின அணைச்சாலும் அதுக்குள்ள வந்து சேர்ற பக்கம் உசுரோடதான் இருக்கும். அங்கதான் பல பேரு செத்திருக்காங்க.”

என் கணவரின் கிரஷர் நண்பர் எப்படிச் செத்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பழைய மரப்பலகையைக் கழற்றி, மூடியுள்ள இரும்புப் பெட்டி ஒன்று மாட்டினார்கள். வெளியே குழி தோண்டிப் புதிதாக எர்த் போட்டார்கள். ஷாக் அடித்தால் உடனே விழுகிற பிரேக்கர் ஒன்று வைத்தார்கள். அதற்குப் பிறகு, சிவப்பு எண்கள் எரிகிற ஒரு சின்னக் கருவி. வோல்டேஜ் எவ்வளவு என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். அளவுக்கு மேல் ஏறினாலோ கீழே இறங்கினாலோ வீட்டுக்குள் போகிற கரண்டைத் தானே துண்டித்துவிடும். சரியானதும் சற்றுப் பொறுத்துச் சேர்க்கும். அந்தக் கருவிக்குப் போகிற மெல்லிய வயர் கருகிவிடாமல் இருக்க, அதற்கென்று தனியாக ஒரு குட்டி பிரேக்கர். விரல் நுழைகிற ஓட்டை எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் மூடித் திருகினார்கள்.

கரண்டைப் போட்டதும் எண் இருநூற்று முப்பதுக்குப் பக்கத்தில் நின்றது. வளர்மதி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இப்ப அந்தக் கிரைண்டரப் போடச் சொல்லுங்க.”

நல்லம்மாள் வர மாட்டேன் என்றாள். கெஞ்சிக் கூட்டிவந்து, சாக்கை எடுத்துப் போடவைத்தேன். அவள் வீட்டில் கிரைண்டர் முனகியது. எங்கள் வீட்டில் எண் ஏறியது. இருநூற்று அறுபது, எண்பது. முன்னூறைத் தொடப் போகும்போது ‘டக்’கென்று கருவி வீட்டைத் துண்டித்தது.

வளர்மதி கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அதை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

“வயரிங்காமா வயரிங்! லைன்ல நியூட்ரல் கம்பி போயிருக்குங்க. கம்பத்துலயோ டிரான்ஸ்பார்மர்லயோ எங்கயோ இணைப்பு அறுந்து தொங்குது. அந்தக் கம்பி சரியா இருந்தா எல்லா ஊட்டுக்கும் ஒரே அளவுல வோல்டேஜ் வரும். அது விட்டுப்போச்சுன்னா ஒரு ஊட்டுல எறங்கும், இன்னொரு ஊட்டுல ஏறும். இந்தம்மா கிரைண்டர் மேல எந்தத் தப்பும் இல்ல.”

நல்லம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எவ்வளவோ நாளாக அவள் சுமந்துகொண்டிருந்த ஒன்று அவள் தோளிலிருந்து இறங்கியது எனக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. அது இறங்க இறங்க எனக்குள் கோபம் ஏறியது.

தெரியும்மா

எண் ஏறுவதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு மறுபடி ஆபீசுக்குப் போனேன். அதிகாரி படத்தை முழுக்கப் பார்க்கவில்லை. இந்த முறை மரியாதையும் குறைந்திருந்தது.

“யாரக் கேட்டும்மா மீட்டர் போட்டீங்க? சீல ஒடைச்சிருந்தா கேஸ் ஆகும், தெரியுமில்ல? சர்வீசையே கட் பண்ணிருவேன்.”

வளர்மதியின் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தேன்.  

“வந்து பாருங்க. சீல் ஒடைஞ்சிருந்தா கட் பண்ணுங்க. ஒடையலைன்னா கம்பத்துல ஏறுங்க.”

மறுநாளே ஜீப்பில் வந்தார். என் வார்த்தைக்காக இல்லை, சீலைப் பார்க்க. கூட ஒரு லைன்மேன். டார்ச் அடித்து சீலைப் பார்த்தார்கள். அப்படியே இருந்தது. நான் நல்லம்மாளுக்குக் குரல் கொடுத்தேன். இந்த முறை அவள் ஓடிப்போய்க் கிரைண்டரைப் போட்டாள். அதிகாரியின் கண்ணெதிரே எண் ஏறியது. டக். வீடு இருண்டது.

லைன்மேன் தலையைக் குனிந்தபடி வாய்க்குள் சொன்னார். “நான் அப்பவே சொன்னேனுங்களே சார்.”

“நீ கம்முன்னு இரு.”

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். “எப்பவேங்க? என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். களைத்துப்போனவர் மாதிரி சொன்னார்.

“தெரியும்மா. இந்த லைன்ல நியூட்ரல் ஜாயிண்ட் கெட்டுருச்சுன்னு தெரியும். அத இறுக்கிப் பிடிக்கற கிளாம்ப் கேட்டு, உங்க மிஷின் கருகறதுக்கு முன்னாடியே மேல எழுதிப் போட்டாச்சு. வரல. நான் என்ன பண்றது?”

தெரியும்.

தெரியாமல் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். நர்ஸ் வேலையில் எத்தனையோ முறை காய்ச்சலைத் தப்பாகக் கணித்த டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். மனுஷருக்குத் தவறுவது சகஜம். ஆனால் இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான், என் வீட்டுக்காரர் மூச்சுக்குத் தவித்துவிட்டு வந்த கதையைக் கடைசி வரைக்கும் கேட்டார். தெரிந்துகொண்டேதான், மலைக்காரர்கள் கண்டபடி வயர் இழுக்கிறோம் என்று சொன்னார்.

“தெரிஞ்சுக்கிட்டேவா எங்க ஊட்டு வயரிங்குன்னு சொன்னீங்க?” என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “லைன் சரியில்ல, மிஷினப் போடாதீங்கன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க கீழ போயிருப்போமே! கிளாம்ப் இல்லைங்கறது உங்க கையில இல்ல, சரி. அந்த வார்த்தை உங்க வாய்லதானே இருந்துச்சு?”

“சும்மா கத்தாதீங்கம்மா.”

“கத்துவேன். இந்தப் புள்ள உரல்ல மாவாட்டிட்டு இருந்தா, தெரியுமா? உங்க பொய்க்கு இவ தண்டனை அனுபவிச்சா.”

நல்லம்மாள் என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். ஒவ்வொருவராக ஊரில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள்.  அதிகாரி கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். லைன்மேனிடம் ஏதோ சொன்னார். லைன்மேன் ஜீப்பின் பின்பக்கம் போய், ஒரு கோணிப்பையைத் துழாவி, ஒரு கிளாம்பை எடுத்தார்.

ஜீப்பிலேயே இருந்தது.

வேறு ஊர் வேலைக்கு வைத்திருந்ததாம். டிரான்ஸ்பார்மரை அணைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறினார். பழைய இணைப்பைக் கழற்றிக் கீழே போட்டார். கருகி, பச்சையும் கறுப்புமாகப் பொடிந்துபோயிருந்தது. புதியதைப் போட்டு முறுக்கிவிட்டு இறங்கினார். நான் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தால் அதுகூட அதற்குள் கொதித்திருக்காது.

“இவ்வளவுதானுங்களா?” என்று கேட்டாள் நல்லம்மாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். லைன்மேன் அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினார்.

வீடு திரும்பல்

கொஞ்ச நாள் கழித்து என் கணவர் மலைக்கு வந்தார். புது மிஷினை மாட்டினேன். பெட்டியில் எண் அசையாமல் நின்றது. அவர் தலையணையைச் சாய்த்துக்கொண்டு, வெகுநேரம் ஜன்னல் வழியாக மிளகுக்கொடி ஏறிய மரங்களைப் பார்த்தபடி இருந்தார்.

“கீழ வெயிலு தாங்கலைடி,” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

நான் விடவில்லை. கோளாறு லைனில்தான் இருந்தது, எங்கள் வீட்டில் இல்லை என்று எழுதித் தரச் சொல்லி மனு கொடுத்தேன். “அதான் சரி பண்ணிக் குடுத்துட்டாங்களே, விட்டுருங்க அக்கா” என்று ஊரிலேயே சிலர் சொன்னார்கள். நன்றி சொல்லிப் பழகிய வாய்கள்.

நல்லம்மாள் மட்டும் வளர்மதிக்குப் போன் போட்டாள். அவள் வீட்டில் ஒரு பெட்டி ஏறியது. அப்புறம் அவள் மாமியார் வீட்டில். அப்புறம் மனுவை விட்டுவிடச் சொன்னவர்களின் வீட்டிலேயே இரண்டு. சடையன்கூட லைசென்ஸ் பரீட்சைக்கு என்ன படிக்க வேண்டும் என்று வளர்மதியிடம் கேட்டு, நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

என் மனுவுக்குப் பதில் வரவில்லை. குறை கேட்கும் கூட்டம் ஒன்று நடந்தபோது நேரில் போனேன். அதே அதிகாரி. என்னைக் கண்டதும் சிரிக்க முயன்றார். பக்கத்தில் இருந்த பெரிய அதிகாரியிடம், “இவுங்க ஊருல ஊட்டுக்கு ஊடு வோல்டேஜ் மீட்டர் மாட்டிட்டாங்க சார்” என்று வேடிக்கை போலச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, எங்க மேல அவ்வளவு சந்தேகமா உங்களுக்கு?”

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. எங்கள் ஊரிலிருந்து வந்தவர்களும் பார்த்தார்கள்.

“ஆமாங்க,” என்றேன்.